வெள்ளம் வடிந்த பின் பாலத்தில் சரக்கு லாரி

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வணிகர்களுக்குப் பருப்பும் எண்ணெயும் வந்து சேர்வதும், தக்காளியும் புளியும் வெளியூர் போவதும் பாலங்களை நம்பித்தான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வழியே இறங்குகிறது. அங்கே பெய்யும் மழைக்கு இங்கே வெள்ளம் வருவதுண்டு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்றே மாதமான பாலம் அடித்துச் செல்லப்பட்டது. புதிய பாலம்தானே என்று நாம் இருந்துவிட முடியாது.

பாலத்துக்கு ஆபத்து பெரும்பாலும் மேலே இல்லை, தூணின் அடியில் இருக்கிறது. வேகமாக வரும் நீர் தூணில் மோதிச் சுழன்று, அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டிவிடும். வெள்ளம் குறையும்போது அந்தப் பள்ளத்தில் புது மணல் வந்து நிரம்பும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் அந்த இளகிய மணல் பாரம் தாங்காது. அதன் பின் போகும் முதல் லோடு லாரிதான் பலியாகலாம்.

திருச்சி கொள்ளிடத்தின் பழைய பாலத்தில் 2018 ஆகஸ்டில் தூண்கள் சரிந்தபோது, முன்பே போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றுப் பாலம் 2016 ஆகஸ்டில் இடிந்தபோது போக்குவரத்து இருந்தது. இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றோடு போயின.

எனவே வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது லாரியை இறக்கச் சொல்லாதீர்கள்.

2. கைப்பிடிச் சுவரை ஒரு முனையிலிருந்து நேர்க்கோட்டில் பாருங்கள். எங்காவது தாழ்ந்திருந்தால் தூண் இறங்கியிருக்கலாம்.

3. சாலையும் பாலமும் சேருமிடத்தில் பள்ளமோ வெடிப்போ கண்டால் நெடுஞ்சாலைத் துறைக்கோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ (1077) உடனே சொல்லுங்கள்.

4. பொறியாளர்கள் பார்த்து அனுமதிக்கும்வரை சுற்றுவழியில் அனுப்புங்கள். அனுமதி கிடைத்த பின்னும் அளவுக்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

5. மழைக்காலத்துக்கு முன்பே அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருப்பு வையுங்கள். கையில் சரக்கு இருந்தால் டிரைவரை அவசரப்படுத்தத் தேவையிருக்காது.

சுற்றுவழியில் டீசல் செலவு கூடும், வாடகையும் கூடும். அந்த நஷ்டத்தை அடுத்த மாத வியாபாரத்தில் ஈடுகட்டலாம். ஆற்றோடு போன டிரைவரையும் கிளீனரையும் எந்த வியாபாரத்தில் ஈடுகட்டுவது?