அழியாத படம், அழிந்த சாவி

4 எம்பி அளவுள்ள ஒரு படத்தைச் செல்போனில் எடுக்கிறீர்கள். ஓர் அறைக்கு மூன்று பிட் வைக்கும் இன்றைய சிப்பில் அந்தப் படம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகளில் பரவி உட்காருகிறது. ஒவ்வோர் அறையிலும் இருப்பது கொஞ்சம் எலெக்ட்ரான்கள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை எட்டு நிலைகளாகப் பிரித்துப் படிக்கிறது சிப். பேட்டரி தீர்ந்தாலும், போனை மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தாலும் எலெக்ட்ரான்கள் இருந்த இடத்தில் இருக்கும். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சிலிக்கன் ஆக்சைடு சுவர். அறைக்குக் கதவு கிடையாது.

கதவில்லாத அறைக்குள் எலெக்ட்ரான் நுழைந்தது எப்படி? 1928ல் ரால்ஃப் ஃபௌலர், லோதர் நோர்டைம் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதற்கான கணக்கைப் போட்டுவிட்டார்கள். மின்புலம் போதிய அளவு வலுவாக இருந்தால், ஏறிக் கடக்க முடியாத தடையையும் எலெக்ட்ரான் ஊடுருவிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அவர்கள் யோசித்தது குளிர்ந்த உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுவதைப் பற்றி. போன் பற்றி அல்ல. (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930ல் கேம்பிரிட்ஜ் போன சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்தவர் இதே ஃபௌலர்தான்.) 1967ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் ஆக்சைடுக்குள் மிதக்கும் ஒரு தனித்த மின்முனையை அமைத்து, அதில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கலாம் என்று காட்டினார்கள். தோஷிபாவில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா அதிலிருந்து 1984ல் ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். 1987ல் அதன் நேண்ட் வடிவம் வந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருப்பது அதன் வாரிசு.

இந்த நேண்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எழுதும்போது 16 கேபி போலச் சின்னப் பக்கங்களாக எழுதும். அழிக்கும்போது பக்கம் பக்கமாக அழிக்கத் தெரியாது. பல எம்பி கொண்ட ஒரு பெரிய தொகுதியை ஏறக்குறைய 20 வோல்ட் கொடுத்து ஒரே வீச்சில் துடைக்கும். எழுதிய பக்கத்தின் மேலேயே இன்னொரு முறை எழுதவும் முடியாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு துடைப்பிலும் ஆக்சைடு சுவர் சற்றே நைந்துபோகிறது. மூன்று பிட் அறைகள் சில ஆயிரம் துடைப்புகளுக்கு மேல் தாங்காது. ஆகவே சிப்போடு சேர்ந்திருக்கும் கட்டுப்படுத்தி ஒரு தந்திரம் செய்கிறது. படத்தை நீங்கள் திருத்தினால் திருத்திய பிரதியை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாதது என்று குறித்துக்கொள்கிறது. எல்லா அறைகளும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகத் தரவை அடிக்கடி இடமும் மாற்றுகிறது. உங்கள் படம் சிப்பில் எந்த மூலையில் இருக்கிறது என்பது ஆண்ட்ராய்டுக்கே தெரியாது. கட்டுப்படுத்திக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய மெமரி கார்டுகளில், வேண்டாததை உடனே துடைக்காத இந்தக் குணமே தரவு மீட்பவர்களுக்கு வரமாக இருந்தது. அவற்றில் ஒரு கோப்பை அழித்தால் உண்மையில் நடப்பது சொற்பம். பட்டியலில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து ஒரு குறியீடாக மாறும். கோப்பு எந்தெந்த இடங்களில் தொடர்கிறது என்ற குறிப்பு துடைக்கப்படும். படம் கிடந்த இடத்தில் கிடக்கும். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் எங்கே ஓடிவிடும்? ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 என்ற பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப் டி9ல் முடிகிறது. பட்டியலைக் கண்டுகொள்ளாமல் கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, இந்தத் தொடக்கமும் முடிவும் தென்படும் இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தால் அழித்த படங்கள் திரும்பி வரும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான். கல்யாணப் படங்கள் இருந்த கேமரா கார்டைத் தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டவர்களை இது எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. கேமரா கார்டுக்கு இன்றைக்கும் இது நல்ல வழி. அழித்தபின் அந்தக் கார்டில் புதிதாக ஒன்றும் எழுதாமல் இருந்தால் போதும்.

அந்த அனுபவத்தை நம்பித்தான் பலர் போனிலும் அழித்த படத்தைத் தேடி மீட்புச் செயலிகளை இறக்குகிறார்கள். போனுக்குள் நிலைமை வேறு. 2013ல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 முதல், போன் சும்மா கிடக்கும் நேரம் பார்த்து, 'இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்' என்ற பட்டியலை இயங்குதளம் சிப்புக்குக் கொடுத்துவிடுகிறது. கட்டுப்படுத்தியும் தன் சௌகரியப்படி அவற்றைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்கிறது. அழித்த படத்துக்காக வருந்தியபடியே போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். மிச்சமிருந்ததும் அந்த இரவில் போகலாம்.

துடைக்கப்படாமல் எஞ்சியிருந்தாலும் பெரிய பயன் இல்லை. அதற்குக் காரணம் மறையாக்கம். ஐபோனில் 2014ல் வந்த ஐஓஎஸ் 8 முதல் பெரும்பாலான தரவுகளின் பூட்டு உரிமையாளரின் கடவு எண்ணோடு பிணைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவரும் புதுப் போன்கள் அனைத்துக்கும் மறையாக்கம் கட்டாயம். சிப்பில் எழுதப்படும் நம் தரவின் ஒவ்வொரு பைட்டும் முதலில் கலைக்கப்பட்டே உள்ளே போகிறது. எஃப்எஃப் டி8 என்று தேடினால் அகப்படாது. நம் தரவு முழுவதும் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். ஐபோன் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக 256 பிட் சாவி ஒன்றை உருவாக்குகிறது. கோப்பை அழிக்கும்போது அந்தச் சாவியும் போய்விடுகிறது. 256 பிட் சாவிகள் மொத்தம் எத்தனை இருக்கலாம் என்று எழுதினால் 78 இலக்க எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதற்குச் சூரியனின் ஆயுளே போதாது. ஃபேக்டரி ரீசெட் சில நிமிடங்களில் முடிவதும் இதனால்தான். 128 ஜிபியையும் துடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, சாவிகளை அழித்தால் முடிந்தது கதை.

அந்தப் பெரிய சாவியை நாம் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. நாம் போடுவது நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ. நாலு இலக்கம் என்றால் பத்தாயிரம் சாத்தியங்கள்தான். அது எப்படி இவ்வளவு பெரிய பூட்டைக் காக்கிறது? ஐபோனின் பிராசசருக்குள் தொழிற்சாலையிலேயே ஓர் இரகசிய எண் பொறிக்கப்படுகிறது. வெளியே எடுத்துப் படிக்க முடியாத எண் அது. கடவு எண்ணும் இந்த எண்ணும் கலந்தால்தான் சாவி பிறக்கும். ஆகவே ஊகித்துப் பார்ப்பதை அந்தப் போனிலேயே செய்தாக வேண்டும். சிப்பைக் கழற்றி ஆயிரம் கம்ப்யூட்டரில் மாட்டிப் பயனில்லை. ஒரு முயற்சிக்கு 80 மில்லிவினாடி ஆகும்படி வேண்டுமென்றே கணக்கை நீட்டியிருக்கிறார்கள். அப்படியும் பத்தாயிரத்தையும் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அதைத் தடுப்பது முயற்சி எண்ணி. தவறுகள் கூடக்கூட போன் நம்மைக் காத்திருக்க வைக்கும். அப்படி அமைத்திருந்தால், பத்தாவது தவறில் சாவியை அழித்துவிடும்.

இந்த எண்ணியை வைத்துத்தான் 2016ல் அமெரிக்காவில் ஒரு பெரிய சண்டை நடந்தது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் ஒருவருக்கு அலுவலகம் கொடுத்திருந்த ஐபோன் 5சி எஃப்பிஐ கையில் கிடைத்தது, பூட்டிய நிலையில். காத்திருப்பையும் அழிப்பையும் நீக்கிய ஒரு சிறப்பு மென்பொருளை ஆப்பிள் எழுதித் தர வேண்டும் என்று 2016 பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டம் 1789ஆம் ஆண்டுடையது! ஆப்பிள் மறுத்தது. ஒரு போனுக்காகச் செய்யும் கருவி எல்லாப் போனுக்கும் பொருந்தும் என்பது அதன் வாதம். வழக்கு சூடுபிடித்திருந்த நேரத்தில், மார்ச் 28 அன்று, வெளியார் ஒருவர் மூலம் போனைத் திறந்துவிட்டோம் என்று சொல்லி அரசு வழக்கை விலக்கிக்கொண்டது.

அந்த வாரங்களில் வல்லுநர்கள் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். ஐபோன் 5சியில் தவறுகளின் எண்ணிக்கை நேண்ட் சிப்பிலேயே எழுதப்படுகிறது. சிப்பை முன்கூட்டியே நகலெடுத்துவைத்து, சில தவறுகளுக்குப் பிறகு நகலை மாட்டினால் எண்ணிக்கை பழையபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுமே! எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி, அது வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்கெய் ஸ்கோரோபோகடோவ் என்ற ஆய்வாளர் அதைத் தன் மேசையில் செய்து பார்த்தார். போர்டிலிருந்து நேண்டைச் சூடேற்றிப் பெயர்த்தார். மெல்லிய கம்பிகளால் அதன் இணைப்புகளை வெளியே கொண்டுவந்தார். சிப்பும் பிராசசரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையை ஆப்பிள் வெளியிட்டதில்லை. கம்பியில் ஓடும் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்டே அதைப் புரிந்துகொண்டார். பிறகு ஆறு முயற்சி, சிப்பைப் பழைய நிலைக்கு மீட்பது, மறுபடி ஆறு முயற்சி என்று ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். நாலு இலக்கங்களின் எல்லாச் சாத்தியங்களையும் சுமார் 40 மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று 2016 செப்டம்பரில் கட்டுரை வெளியிட்டார். பயன்படுத்தியது கடையில் கிடைக்கும் சாதாரண உதிரிகள்.

இதில் என்னை ஈர்ப்பது, அவர் கையில் சிப்பின் முழு நகலும் இருந்தது என்பது. ஒரு பிட் குறையாத நகல். அதிலிருந்து ஒரு படத்தைக்கூட நேரடியாகப் படித்திருக்க முடியாது. சேமிப்பு முழுதாகக் கையில் இருந்தும் அவர் உழைத்ததெல்லாம் சாவியை ஊகிக்க இன்னும் ஆறு வாய்ப்புகளை வாங்குவதற்காக. பின்னால் வந்த போன்களில் அந்தச் சந்தும் அடைக்கப்பட்டது. 2018ல் வந்த கூகுளின் பிக்சல் 3, கடவு எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பை டைட்டன் எம் என்ற தனிப் பாதுகாப்புச் சிப்பிடம் கொடுத்தது. நேண்டை நகலெடுத்து இதில் எண்ணியைப் பின்னோக்கித் திருப்ப முடியாது.

தண்ணீரில் விழுந்து செத்த போனுக்கும் இதே நியாயம்தான். 'சிப்பை மட்டும் எடுத்து வேறு போனில் போட்டுத் தாருங்கள்' என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. நேண்ட் தன் பிராசசரைப் பிரிந்தால் ஊமை. எனவே மீட்பவரின் வேலை அந்தப் போனையே சற்று நேரம் உயிர்ப்பிப்பது. டிஸ்ப்ளே, கேமரா, ஸ்பீக்கர் எதுவும் வேலை செய்ய வேண்டியதில்லை. போர்டு எழுந்து, கடவு எண்ணை ஏற்று, தரவை நகலெடுக்கும் வரை தாங்கினால் போதும். ஷார்ட் ஆன கெப்பாசிட்டர் எங்கே சுடுகிறது என்று வெப்பக் கேமராவில் பார்த்துப் பெயர்ப்பார்கள், அரித்துப்போன தடத்துக்கு ஜம்பர் கம்பி இழுப்பார்கள். போர்டே உடைந்திருந்தால் பிராசசர், நேண்ட், அவற்றோடு பிணைந்த சிறு சிப்புகள் எல்லாவற்றையும் குடும்பத்தோடு பெயர்த்து இன்னொரு நல்ல போர்டில் அமர்த்துவார்கள். இதற்கு மைக்ரோஸ்கோப்பும் நடுங்காத கையும் வேண்டும். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது இதற்கெல்லாம் உதவாது. துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று 2024ல் ஆப்பிளே அதை வேண்டாம் என்றது. நனைந்ததும் செய்ய வேண்டியது அணைத்துவைப்பது. செய்யக் கூடாதது சார்ஜர் செருகுவது.

டிஸ்ப்ளே மட்டும் உடைந்திருந்தால் கதை தலைகீழ்: அப்போது அணைக்கவே கூடாது. போன் துவங்கி ஒருமுறை கடவு எண் போட்டதும் சாவிகள் தற்காலிக நினைவகத்தில் நிற்கும், கைரேகையே திறக்கப் போதும். அணைத்து எழுப்பினால் சாவிகள் போய்விடும். மறுபடி எண்ணைத்தான் கேட்கும். தொடுதிரை செத்துப் படம் மட்டும் தெரிகிறதென்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி இணைப்பில் சாதாரண மவுஸ் ஒன்றைச் செருகி உள்ளே போகலாம்.

பேட்டர்ன் மறந்துபோனவருக்கு மட்டும் என்னிடம் நல்ல செய்தி இல்லை. 'லாக் எடுத்துத் தருகிறோம்' என்று கடைகள் சொல்வது பெரும்பாலும் ரீசெட்டைத்தான். போன் திரும்பக் கிடைக்கும், படங்கள் கிடைக்காது. பணம் கொடுக்கும் முன் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மீட்புச் செயலிகள் காட்டும் படங்களும் பெரும்பாலும் வேறெங்கோ தங்கிய சிறு முன்தோற்றங்கள்தான். அவற்றைத் தேடுமுன் குப்பைத்தொட்டியைப் பாருங்கள்: கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் ஆன படங்களை 60 நாளும் மற்றவற்றை 30 நாளும் அதில் வைத்திருக்கும், ஐபோனிலும் 30 நாள் இருக்கும்.

திருடனிடமிருந்து காக்கும் இந்தப் பூட்டு, இறந்தவரின் மனைவியையும் பிள்ளைகளையும் அதே கண்டிப்போடு வெளியே நிறுத்துகிறது. பூட்டைத் தளர்த்துவது இதற்குத் தீர்வல்ல என்பதே என் கட்சி. சாவிக்கு நாமே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். கூகுள் கணக்கு நீண்ட காலம் அசையாமல் கிடந்தால் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். ஆப்பிளும் 2021 முதல் ஐகிளவுடுக்கு இப்படி ஒரு வாரிசைக் குறிக்க விடுகிறது. இரண்டும் மேகத்தில் ஏறிய பிரதிக்குத்தான் பொருந்தும், போனுக்குள் மட்டும் இருப்பதற்கு அல்ல. கடவு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இதைப் போனில் படித்துக்கொண்டிருந்தால், செட்டிங்ஸைத் திறந்து கடைசியாக பேக்கப் நடந்த தேதியை இப்போதே பார்த்துவிடுங்கள்.