முளை எங்கே விழும்?

லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் 14,707 ஏக்கர். இந்தப் போகம் ஏக்கருக்கு எத்தனை கிலோ நெல் கண்டது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டால் என்ன சொல்வது? அத்தனையையும் அறுத்து எடைபோட ஆள் ஏது?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். பழமொழி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பருக்கையை எடுக்கும் முன் அம்மா அகப்பையை அடிவரை விட்டுக் கிளறுகிறாள். மேலாக எடுத்தால் அடிச்சோறு குழைந்தது தெரியாது. பானையைக் கிளறலாம், வயலை எப்படிக் கிளறுவது?

பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டோர வயல்களை மட்டும் பார்க்கலாம். தலைமடையான கூடலூர்ப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால், கடைமடைக்காரர் பாடு கணக்கில் வராது. சனிக்கிழமை தேனி சந்தையில் நின்று விவசாயிகளைக் கேட்கலாம். சந்தைக்கு வராதவர் வயலில் விளைந்தது விடுபட்டுப் போகும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் விடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இந்தச் சாய்வைத்தான் புள்ளியியலில் சார்பு என்கிறார்கள். ஆட்களைக் கூட்டினால் அது போய்விடாது. அதே சந்தையில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் அதே சாய்வுதான்.

போடிக்காரர்களுக்கு ஏலக்காய் மூட்டையை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மலையிலிருந்து ஜீப்பில் குலுங்கி வரும் மூட்டையில் பொடிக்காய் கீழே இறங்கும், பெருங்காய் மேலே நிற்கும். மேல்வாயில் ஒரு கை அள்ளிப் பார்த்தவர் மூட்டையின் தரத்தைக் கூட்டித்தான் மதிப்பிடுவார்.

நெல்லுக்கு அரசு செய்வது பயிர் அறுவடைப் பரிசோதனை. எந்த ஊர், அந்த ஊரில் எந்த சர்வே எண் என்பதைச் சமவாய்ப்பு எண்களின் அட்டவணையே முடிவு செய்யும். வயலுக்குப் போன பிறகும் அதிகாரி தன் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. தென்மேற்கு மூலையில் தொடங்கி, அட்டவணை தந்த எண்ணுக்கு நீளத்தில் இத்தனை காலடி, அகலத்தில் இத்தனை காலடி என்று நடந்து, கால் நின்ற இடத்தில் முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி எடைபோடுவார்கள். 25 சதுர மீட்டரின் எடையை ஹெக்டேருக்குக் கொண்டுபோக 400ஆல் பெருக்க வேண்டும். தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும்!

அறுக்கும் துண்டு ஏன் அவ்வளவு பெரியது? இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்தில் சிறு வட்டங்களை அறுத்தே விளைச்சலை மதிப்பிட்டார். இன்னொரு புள்ளியியலாளரான பி.வி. சுகாத்மே அதை ஏற்கவில்லை. துண்டு மிகச் சிறியதானால் மதிப்பீடு கூடுதலாகவே வருகிறது என்று 1946இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஓரத்தில் நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற சந்தேகம் வரும்போது, அறுக்கிற கை அதை உள்ளேதான் இழுக்கும். பிள்ளைகள் நோட்டில் போட்டே பார்க்கலாம். ஒரு மீட்டர் சதுரத்துக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 4 மீட்டர் ஓரம். ஐந்து மீட்டர் சதுரத்துக்கு 25 சதுர மீட்டர் பரப்புக்கு 20 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர்தான். ஓரம் குறைந்தால் கை இழுக்க இடமும் குறையும். எனக்குப் பிடித்த கணக்கு இது. மனித மனத்தின் ஒரு சின்னப் பலவீனத்தைச் சுற்றளவு சூத்திரத்தால் பிடித்துவிடலாம் என்று எந்தப் பாடநூல் ஆசையாகச் சொல்கிறது?

நம் கை நடுநிலையானது என்று நினைப்பவர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லும்படி வகுப்பைக் கேட்டுப் பார்க்கலாம். ஏழுக்குக் கூட்டம் சேரும். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஊர்ச்சபைத் தேர்தலில் குடவோலை எடுக்க, ஓலையில் என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவனைத்தான் நிறுத்தினார்கள்.

அறியாத சிறுவன் வயலுக்கும் தேவைப்படுகிறான். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு வருமா என்பது இந்தச் சோதனை காட்டும் சராசரி விளைச்சலைப் பொறுத்தது. காப்பீடு இல்லாத காலத்தில், "நல்லா வெளைஞ்ச பக்கமா வாங்க சார்" என்று பெருமையாகக் கூப்பிடும் அதே விவசாயி, பயிர் சாய்ந்த போகத்தில், "இந்தச் சொட்டைய பாருங்க சார், இங்கன அடிங்க" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அது வயிற்றுப்பாடு. விளைச்சல் கூடியதாகக் காட்டினால் லாபம் அடைகிறவர்கள் மறுபக்கம் இழுப்பார்கள். அட்டவணையில் உள்ள எண்ணுக்கு வயலும் கிடையாது, பிரீமியமும் கிடையாது.

அந்த எண் சில நாள் நெல்லே இல்லாத சொட்டையில் கொண்டுபோய் நிறுத்தும். சில நாள் கதிர் தலைசாய்ந்து கிடக்கும் இடத்தில் நிறுத்தும். "ரெண்டடி தள்ளிக்கலாமே" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சரியாக வேலை செய்கிற ஊழியர் அதைக் காதில் வாங்காமல், நின்ற இடத்திலேயே குனிந்து முளையை அடிப்பார்.