பெரியம்மாவின் போனில் 41 திருத்தங்கள்

பழைய தமிழ்ப் புத்தகம் கையில் கிடைத்தால் முதல் சில பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் ‘பிழை திருத்தம்’ என்ற தலைப்பில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். ‘பக்கம் 23, வரி 7: மலை என்பதை மழை என்று கொள்க’ என்கிற மாதிரி. அச்சுக் கோத்தவரின் கை தவறியிருக்கும். ஆயிரம் பிரதி அடித்து முடித்த பிறகு ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்கும். ஓர் எழுத்துக்காக ஆயிரத்தையும் மறுபடி அடிக்க முடியுமா? திருத்தங்களை மட்டும் ஒரு தாளில் அச்சடித்துச் சேர்த்துவிடுவார்கள். வாங்கியவர் பேனாவை எடுத்து, ஏழாவது வரிக்குப் போய், தானே திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

போனில் ‘அப்டேட்’ என்று வருகிறதே, அதுவும் அப்படி ஒரு திருத்தத் தாள்தான். சில சமயம் புது வசதியும் புது வண்ணமும் சேர்ந்து வரும். ஆனால் அதன் உயிர் திருத்தத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் போனை நீட்டினார். “ஏ அய்யா, மார்க்கெட்ல காய் வாங்கிட்டுக் காசு அனுப்பப் பாத்தேன். புதுப்பிக்கணும் புதுப்பிக்கணும்னு சொல்லுதே தவிர உள்ளே விடமாட்டேங்குது. போன் கெட்டுப்போச்சா?”

போன் கெடவில்லை. பணம் அனுப்பும் செயலியின் பழைய பதிப்பு அதில் இருந்தது. இனிமேல் அந்தப் பதிப்பு ஆபத்து என்று செயலியைச் செய்தவர்கள் முடிவு செய்து வாசலை அடைத்துவிட்டார்கள். பிளே ஸ்டோரைத் திறந்து பார்த்தேன். 41 செயலிகள் அப்டேட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தன.

ஏன் இத்தனை? பிளே ஸ்டோர் அப்டேட்டைத் தானாகவே போட்டுக்கொள்ளும். அதற்கு வழக்கமாக மூன்று சங்கதிகள் கூடிவர வேண்டும். போன் சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் அதைப் பயன்படுத்தாமல் சும்மா இருக்க வேண்டும், வைஃபை இருக்க வேண்டும். இரவு நேரத்தில் இவை சேர்ந்து அமையும். பெரியம்மா வீட்டில் வைஃபை கிடையாது. மாதா மாதம் ரீசார்ஜ் செய்யும் நெட்தான். அந்தப் போன் வாங்கிய நாளிலிருந்து வைஃபையைக் கண்டதே இல்லை. எனவே ஒவ்வொரு இரவும் அது காத்திருந்து காத்திருந்து விடிந்துவிட்டது.

“41-ஐயும் போட்டா நெட்டு பூரா தீந்துருமே?” என்று கேட்டார் பெரியம்மா. அருமையான கேள்வி. கணினி அறிஞர்கள் பல ஆண்டுகள் மண்டையைக் குடைந்துகொண்ட கேள்வியும் இதுதான்.

புத்தகத்துக்கு ஒரு தாள் போதும் என்றோம். செயலிக்கு அது அவ்வளவு எளிதல்ல. ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக 200 வீடுகள். நடுவில், 50-க்கும் 51-க்கும் இடையில், புதிதாக ஒரு வீடு கட்டுகிறார்கள். அது 51 ஆகிவிடும். பழைய 51 இனி 52, பழைய 52 இனி 53. கட்டியது ஒரு வீடு, மாறியதோ 150 கதவு எண்கள். செயலிக்குள்ளும் இப்படித்தான். “அடுத்து இத்தனையாவது இடத்துக்குப் போ” என்று ஆயிரக்கணக்கான கட்டளைகள் உள்ளே இருக்கின்றன. நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் அந்த எண்களெல்லாம் மாறிவிடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே வேறாகத் தெரியும்.

இதற்கு அழகான வழி கண்டவர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த காலின் பெர்சிவல். 13 வயதிலேயே பல்கலைக்கழகத்தில் பாடம் படிக்கத் தொடங்கியவர் அவர். 2003-ஆம் ஆண்டு வாக்கில், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதற்காக ‘பிஎஸ்டிஃப்’ என்ற நிரலை எழுதினார். அது புதிய எண்களை அப்படியே அனுப்பாது. புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்துப் பார்க்கும். 52-இலிருந்து 51 போனால் 1. 53-இலிருந்து 52 போனால் 1. மறுபடி 1, மறுபடி 1. 150 வெவ்வேறு எண்களாகத் தெரிந்தது, கழித்துப் பார்த்ததும் ஒரே எண்ணின் வரிசையாகிவிடுகிறது. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அதைச் சுருக்குவது சுலபம். “ஒன்று, 150 தடவை” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நீங்கள் மூன்றாம் வகுப்பில் படித்த கழித்தல்தான்!

2016-இல் கூகுள் இந்த முறையைப் பிளே ஸ்டோரில் கொண்டுவந்தது. முழுச் செயலியின் அளவோடு ஒப்பிட்டால் அப்டேட் சராசரியாக 47 சதவீதம் சிறியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு படி மேலே போனார்கள். ஆண்ட்ராய்டு செயலி என்பது பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய துணிமணி மாதிரி. உள்ளிருப்பவை பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. அடியில் ஒரு சட்டையை மாற்றினால் மேலடுக்கெல்லாம் குலைந்துவிடும். எனவே முதலில் இரண்டு பெட்டிகளையும் பிரித்து, துணிக்குத் துணி ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பி, போனில் மறுபடி பழையபடியே அடுக்க வைத்தார்கள். இப்போது சராசரியாக 65 சதவீதம் மிச்சம். சில செயலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல். பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: “முழுசா வராது பெரியம்மா, மாறினது மட்டும்தான் வரும்.”

திருத்தத் தாளை யாரோ ஒரு போக்கிரி அச்சடித்து அனுப்பினால்? அதற்குத்தான் முத்திரை. ஒரு சின்னக் கணக்கு. 53-ஐயும் 61-ஐயும் பெருக்குங்கள். 3233. அரை நிமிடம்கூட ஆகாது. இப்போது உங்கள் தோழியிடம் 3233-ஐ மட்டும் சொல்லி, எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேளுங்கள். பாவம், வெகுநேரம் தேடுவாள். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். பல செயலிகளின் முத்திரைக்கு இதுவே அடிப்படை. ஆனால் அங்கே எண்ணுக்கு 600 இலக்கங்களுக்கும் மேல். உலகத்துக் கணினிகளையெல்லாம் சேர்த்தாலும் பிரித்தெடுக்க முடியாது. செயலியைச் செய்தவரிடமோ, அவர் சார்பில் கூகுளிடமோ ரகசியச் சாவி இருக்கும். அதைக் கொண்டு முத்திரையிடுவார்கள். பழைய பதிப்பில் இருந்த அதே சாவியின் முத்திரைதானா என்று உங்கள் போன் சரிபார்க்கும். இல்லையென்றால் அந்த அப்டேட்டை ஏற்றுக்கொள்ளாது.

சரி, அப்படி என்னதான் பிழை இருக்கும்? ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

2019 மே மாதம், வாட்ஸ்அப் தன் 150 கோடிப் பயனர்களையும் உடனே அப்டேட் செய்யச் சொன்னது. அழைப்புகளைக் கையாளும் பகுதியில் ஓர் ஓட்டை. அடுக்களையில் ஒரு படி அரிசி கொள்ளும் பாத்திரம் இருக்கிறது. ஒருவர் இரண்டு படி கொண்டுவந்து அளந்து பார்க்காமல் கொட்டினால் என்ன ஆகும்? வழிந்து பக்கத்துப் பாத்திரத்தில் விழும். கணினியின் நினைவகத்திலும் இப்படி வழியும். பக்கத்துப் பாத்திரத்தில் இருப்பது கணினி செய்யவேண்டிய கட்டளை என்றால், வழிந்து விழுந்தது கட்டளையின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேவு பார்க்கும் கும்பல் இதைத்தான் செய்தது. அழைப்பு வரும், போனை எடுக்கவே வேண்டாம், வேவு மென்பொருள் உள்ளே இறங்கிவிடும். குறிவைக்கப்பட்டவர்கள் சுமார் 1,400 பேர் என்று வாட்ஸ்அப் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. இந்த வகை ஓட்டையை அடைப்பது பெரிய வேலையே அல்ல. கொட்டுவதற்கு முன் அளந்து பார் என்று ஒரு கட்டளை போதும்.

இப்போது நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருத்தத் தாள் வெளியான அன்றே அதைத் திருடனும் வாங்கலாம். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து அவனும் கழித்துப் பார்ப்பான். ‘அட, இந்த இடத்தில் புதிதாக ஓர் அளவு பார்க்கிறார்களே’ என்றால் பழைய பதிப்பில் ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு நெட்டை மிச்சம் பிடித்துத் தரும் அதே கழித்தல்தான் அவனுக்கு வழியும் காட்டுகிறது. அதனால் அப்டேட் வந்துவிட்ட பிறகு பழைய பதிப்பை வைத்திருப்பது, அப்டேட் வருவதற்கு முன் வைத்திருந்ததைவிட ஆபத்து. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணினியில் பெரிய சாட்சி உண்டு. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் அந்த ஓட்டை வழியாக 150 நாடுகளில் புகுந்தது. இடையில் 59 நாட்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கி, அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பிவிட வேண்டியதுதானே? அதிலும் ஒரு சிக்கல். திருத்தத்திலேயே பிழை இருந்தால்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. விமான நிலையங்களில் ஜனங்கள் தவித்து நின்றார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, செயலி உலகத்திலும் அந்தப் பதம் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆப்பிளின் செயலிக் கடையில், செயலியைச் செய்தவர் விரும்பினால் தானியங்கி அப்டேட்டை ஏழு நாட்களில் பரப்பலாம். முதல் நாள் 100-இல் ஒருவருக்கு. பிறகு 2, 5, 10, 20, 50 சதவீதம். ஏழாம் நாள் எல்லாருக்கும். நடுவில் புகார் வந்தால் நிறுத்திவிடலாம். பக்கத்து வீட்டு அண்ணன் போனில் வந்த புது வசதி உங்கள் வீட்டுப் போனில் இன்னும் வரவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரியம்மா போனில் அன்று முதலில் பணம் அனுப்பும் செயலியையும் வாட்ஸ்அப்பையும் போட்டோம். பயன்படுத்தாத 12 செயலிகளை அவரிடம் கேட்டுக் கேட்டு நீக்கினோம். இல்லாத செயலியில் ஓட்டை இருக்க முடியாதல்லவா? மீதியை என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இரவில் சார்ஜில் விட்டோம். காலையில் முடிந்திருந்தது.

உங்கள் ஊரிலும் தாத்தா, ஆச்சி, அத்தை, மாமா யாருடைய போனாவது இப்படி வைஃபையைக் காணாமல் காத்துக்கொண்டிருக்கும். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டால் செயலிகளை நிர்வகிக்கும் இடம் வரும். எத்தனை காத்திருக்கின்றன என்று அங்கே தெரியும். செட்டிங்ஸில், வைஃபை இல்லாமலும் அப்டேட் வரும்படி மாற்றலாம்; நெட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். அப்டேட் என்று சொல்லி மெசேஜில் வரும் எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், தொடவிடாதீர்கள். அதன் வழியே வருவது திருத்தமாக இராது, வேறு பெயரில் புதிதாக உள்ளே நுழையும் ஒரு செயலியாக இருக்கும். அதனிடம் நம் போனின் முத்திரைச் சோதனை செல்லாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போனையாவது பாருங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே செய்யுங்கள்.