மாணாக்கர் விடுதியும் மாதச் சோறும்

நந்தனம் என்ற பெயரைக் கேட்டதும் நந்தனார் நினைவு வருவது இயல்பு. ஆனால் அப்பெயர் 1952-இல் பிறந்த நந்தன வருஷத்தை ஒட்டி ராஜாஜி சூட்டியது என்று சொல்வர். எவ்வாறாயினும், அந்த நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டையில், எம்.சி. ராஜாவின் பெயர் தாங்கிய கல்லூரி மாணாக்கர் விடுதிக்கு 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி, டாக்டர் அம்பேத்கர் பிறந்த தினத்தன்று, பத்து மாடிப் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. செலவு ரூ. 44.50 கோடி. அறைகள் 121, 484 மாணாக்கருக்கு இடமுண்டு.

கணக்குப் பார்த்தால் தலைக்கு ஒன்பது லட்ச ரூபாய்க்குச் சற்று அதிகமாகிறது. இது ஆடம்பரம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம். கிராமத்திலிருந்து வரும் ஓர் ஆதி திராவிட வாலிபன், கையில் கல்லூரிச் சேர்க்கைச் சீட்டுடன் இப்பட்டணத்தில் அறை தேடி அலையும்போது, வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகையையா, அல்லது "எந்த ஊர், எந்தத் தெரு" என்பதையா? அக்கேள்விக்கு ஆளாகாமல் படுத்துறங்க ஓரிடம் கிடைப்பதற்கு எந்தத் தொகையும் அதிகமன்று. பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிச் சட்டசபை வரை சென்று தம் மக்களுக்காக வாதாடியவர் ராஜா. அவர் பெயரால் நிற்கும் வீடு உயரமாக இருப்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

நம் கவலை கட்டடத்தைப் பற்றியதன்று, அடுப்பைப் பற்றியது. ஸர்க்கார் விடுதிகளில் கல்லூரி மாணாக்கருக்கு மாத உணவுத் தொகை 1,100 ரூபாயாக இருந்தது. 2023-இல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். காலை, பகல், இரவு மூன்று வேளைக்கும் அதுவே. அரிசி மலிவு விலையில் கிடைத்தாலுங்கூட, பருப்பும் எண்ணெயும் காய்கறியும் பாலும் எந்தக் கடையில் அந்த விலைக்குக் கிடைக்கும்? பட்டணத்து ஓட்டலில் இத்தொகைக்கு ஒரு வேளைச் சாப்பாடு தேடுவதே பெரும்பாடு. ஒன்பது லட்சம் செலவிட்டு ஓர் இளைஞனுக்கு இடம் கொடுத்துவிட்டு, அவனை ஐம்பது ரூபாயில் நிறுத்துவது என்ன திட்டம் என்று நமக்கு விளங்கவில்லை.

சிறு கணக்கொன்று போடுவோம். மாதத்துக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டினால், 484 பேருக்குப் பத்து மாதங்களில் ஆகும் தொகை 24 லட்சத்து 20 ஆயிரம். கட்டடச் செலவில் இது நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. அரைப்பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! கல்லுக்கும் சிமிட்டிக்கும் மனமுவந்து கையெழுத்திடும் அதிகாரிகள், தக்காளிக்கு மட்டும் பேனாவை மூடுவது விந்தை. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு; குழம்புக்கு அது கிடையாது என்பதே காரணமோ என்னவோ!

2025 ஜூலையில் நலத்துறை விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றப்பட்டது. அவை 2,739, தங்கிப் படிப்போர் 1,79,568 பேர். பெயர் நன்றே. ஆனால் பெயர் இலையில் விழுவதில்லை.

நியாயஸ்தல வழக்கத்தில் பழகிய நமக்குப் பச்சையப்ப முதலியாரின் தர்மம் ஞாபகத்துக்கு வருகிறது. அவர் 1794-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற பணம் பல்லாண்டு வழக்கில் கிடந்தது. பின்னர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால் 1842-இல் அதிலிருந்து பள்ளிக்கூடம் எழுந்தது. முதல் கலையாமல் வருமானம் ஆண்டுதோறும் வர ஏற்பாடு இருந்தமையால்தான் அது இன்றும் நிலைத்து நிற்கிறது. விடுதிகளுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். கட்டடச் செலவை அனுமதிக்கும் அதே உத்தரவில், பழுது பார்க்க ஒரு தொகையும், விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தானே உயரும் உணவுத் தொகையும் எழுதப்பட வேண்டும். போராடிக் கேட்டபின் நான்கைந்து வருஷங்களுக்கொருமுறை ஈவது நிதியாகாது, பிச்சையாகும். இவ்விடுதிகளில் படித்து இன்று உத்தியோகத்திலும் வக்கீல் தொழிலிலும் இருப்பவர்கள் நூல் நிலையத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் ஒரு நிதி திரட்டலாம். ஆனால் சோற்றை அவர்கள் தலையில் கட்ட ஸர்க்காருக்கு உரிமையில்லை.

ஆதி திராவிடர் நலத்துறையின் மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும் நாளில், புதுக் கட்டடங்களின் எண்ணிக்கையைக் கேட்டு மேஜையைத் தட்டும் அங்கத்தினர்கள், ஒரு மாணாக்கனின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மந்திரியிடம் கேட்டு, பதிலைச் சபைக் குறிப்பில் ஏற்றச் செய்வார்களா?