பால் வடியும் நேரம்

ரப்பர் மரத்தை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஜொகூர் பாருவைச் சுற்றி, தெப்ராவ், உலு திராம், கூலாய் வட்டாரங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார்கள். பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுப் பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தின் வளர்திசு காயப்படும். அப்புறம் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது மரம்தான். இரவில் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது குறைவதால், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. விடியற்காலையில் அது சுமார் 10 வளிமண்டல அளவை எட்டும். கார் டயரில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்கு. வெட்டியதும் பால் வேகமாக வடிந்து, பிறகு துளித்துளியாக மங்கில் விழும். நேரமாக ஆக, பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைந்து, ரப்பர் துகள்களை ஒட்டவைத்து வெட்டுவாயை அடைத்துவிடும். இதற்கெல்லாம் சில மணி நேரம் பிடிக்கும். கங்காணி எவ்வளவு சத்தம் போட்டாலும் குறையாது.

கடைசி மரத்தை வெட்டி முடித்தவர்களுக்கு, பாலெடுக்கும் வரை ஓர் இடைவெளி கிடைத்தது அப்படித்தான். நிழலில் உட்கார்ந்து பசியாறுவார்கள். சிலர் கல்லில் உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். தோட்ட வாழ்க்கைக்கு இனிப்புப் பூச எனக்கு மனமில்லை. கூலி குறைவு, மழை பெய்தால் அதுவும் இல்லை. எத்தனையோ தாய்மார்கள் அந்த நேரத்தில்தான் பிள்ளைக்குப் பாலூட்ட ஆயாக்கொட்டகைக்கு ஓடினார்கள். ஆனாலும் கை ஒரு சின்ன வேலையில் இருக்க, மனம் தன்போக்கில் போகிற நேரம் அந்த நாளுக்குள் இருந்தது.

அப்படிப் போகும் மனம் சும்மா இருப்பதில்லை. வேலை ஏதும் தராதபோதும் மூளையின் சில பகுதிகள் சேர்ந்து மும்முரமாக இயங்குவதை மார்க்கஸ் ரெய்க்லின் குழு 2001இல் விளக்கியது. பழைய நினைவுகளைப் புரட்டுவதும் நாளையை யோசிப்பதும் இந்தப் பகுதிகளோடு தொடர்புள்ளவை. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி 2006இல் இசை உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். பாட்டுகளுக்கு நடுவே செருகிய இரண்டு நிமிட மௌனத்தில்தான் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மிக நன்றாகத் தணிந்தன.

அதற்காகச் சும்மா உட்காரச் சொன்னால் எல்லாராலும் முடிகிறதா? அமெரிக்காவின் திமொத்தி வில்சன் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஓர் அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைக்கப்பட்ட 18 ஆண்களில் 12 பேர் தாங்களாகவே மின்னதிர்ச்சிப் பொத்தானை அழுத்திக்கொண்டார்கள்!

எனக்கு உளி தீட்டும் கைகள் முக்கியமாகப் படுவது இங்கேதான். 2012இல் பெஞ்சமின் பெயர்ட் குழு, புதுயோசனை தேவைப்படும் ஒரு கேள்வியைக் கொடுத்து, நடுவில் இடைவெளி விட்டது. அதில் எளிய வேலை செய்தவர்கள், திரும்பி வந்து அதே கேள்விக்கு மற்றவர்களைவிட நல்ல விடைகள் சொன்னார்கள். கடினமான வேலை செய்தவர்களுக்கும், வெறுமனே ஓய்வெடுத்தவர்களுக்கும் அந்த முன்னேற்றம் இல்லை. பின்னால் வந்த சில சோதனைகள் இதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பால்மரம் நின்ற இடங்களில் பல இன்று செம்பனை, பல தாமான்கள். செம்பனைக் குலை வெட்டுவதில் இப்படிக் காத்திருக்க ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டப் பிள்ளைகளின் பிள்ளைகளில் பலர் இன்றும் இருட்டோடுதான் எழுகிறார்கள், சிங்கப்பூர் வேலைக்கு. 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் அவர்களும் காத்திருக்கிறார்கள். அந்த நெரிசலில் கண்ணை அங்கே இங்கே திருப்ப முடியாது; பெயர்டின் கடினவேலைக் குழுவின் நிலைதான். வீட்டுப் பின்புறத்தில் முருங்கை இருந்தால், வேலைவிட்டு வந்தபின் கீரை உருவ உட்காருங்கள், கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு. அதையும் அவசரப்படுத்த முடியாது.