உஷார்! பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்குகிறதா? உருவி விடாதீர்கள்!

வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருக்கிறாளா? அவள் கெண்டைக்கால் இரண்டையும் இன்றைக்கே பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் அலட்சியம் வேண்டவே வேண்டாம்!

சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. சிசேரியன் ஆகி 19-ஆம் நாள். "இடது கால் கடுக்குது ஆச்சி" என்றாள் அந்தப் பெண். "வாயுப் பிடிப்புளா" என்று ஆச்சி எண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவி விட்டாள். பாசத்தில் செய்ததுதான். மறுநாள் காலையில் பாத்ரூம் போய் வந்தவளுக்கு மூச்சு இரைத்தது. நெஞ்சில் குத்தல். கண் இருட்டி விழுந்துவிட்டாள். 108 வந்து, திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ஸ்கேனில் தெரிந்தது: நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி! பிழைத்துவிட்டாள். பிழைக்காதவர்களும் உண்டு.

பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் போய்விடாமல் இருக்க, உடம்பே ரத்தத்தைச் சீக்கிரம் உறைகிற மாதிரி மாற்றிக்கொள்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் முதல் 6 வாரம் ஆபத்து அதிகம். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். நாமோ "பச்ச உடம்பு, கட்டிலை விட்டு இறங்காதே, தண்ணி குடிச்சா வயிறு வச்சிரும்" என்கிறோம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். அழுத்தி உருவும்போது அதில் ஒரு துண்டு பெயர்ந்தால் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கும்!

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017-இல் சிசேரியனுக்கு மறுநாளே இந்த நுரையீரல் அடைப்பு வந்தது. 2011-இலும் ஒருமுறை இதே அவஸ்தை பட்டவர். மூச்சு முட்டியதும் அவரே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கவனியுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு. திடீர் மூச்சுத்திணறல். மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி. படபடப்பு, மயக்கம். இருமலில் ரத்தம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்!

ரத்தக்கட்டி காலோடு நின்றால் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டால் பால் கொடுக்க முடியாதே என்று பயப்படாதீர்கள், கொடுக்கலாம். டாக்டர் சொன்ன பிறகு மெல்ல எழுந்து நடக்கவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், தாயே!

மூச்சு முட்டினால் 108. ஏறும்போதே சொல்லுங்கள்: "பிள்ளை பிறந்து இத்தனை நாள், இந்தக் கால் வீங்கியிருந்தது."