முடி கொட்டும் சாதி நாய்! சொறியா? பரம்பரையா?

ஜூன் மாதம் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். காற்றோடு சாரலும் வரும். குற்றாலத்தில் அருவி கொட்டும். தென்காசியில் வீட்டுத் திண்ணையெல்லாம் ஈரமாகிவிடும்.

அந்தத் திண்ணையில் ஒரு நாய் படுத்திருக்கிறது. பொமரேனியன் சாதி. குட்டியாக வாங்கி வந்தபோது பஞ்சுப் பொதி போல இருந்தது. இப்போது 2 வயது. முதுகில் முடி இல்லை. தொடையில் முடி இல்லை. வாலும் மொட்டை. தலையிலும் கால்களிலும் மட்டும் முடி அப்படியே இருக்கிறது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பியையும் காலுறையையும் மட்டும் மாட்டிக்கொண்டது போல!

"அண்ணாச்சி, இது சொறி. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும். எங்கேயாவது கொண்டு போய் விட்டுருங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

தென்காசியில் மட்டும் அல்ல. சாதி நாய் வளர்க்கும் பல ஊர்களிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. ஆசையாக வளர்த்த நாயைச் சிலர் மனமில்லாமல் ஊருக்கு வெளியே விட்டுவிட்டும் வருகிறார்கள். ஆனால், அந்த நாய்க்குச் சொறியே இல்லாமல் இருக்கலாம்!

சொறிகிறதா, இல்லையா?

முதலில் பார்க்க வேண்டியது ஒன்று. நாய் சொறிந்துகொள்கிறதா?

சொறி நோயில் நாய் இரவும் பகலும் சொறியும். காதோரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்கள் சிவந்து புண்ணாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலைக் குடைவதே காரணம். இது மற்ற நாய்களுக்கு ஒட்டும். மனிதருக்கும் அரிப்பு உண்டாக்கும். வட்ட வட்டமாக முடி உதிரும் படர்தாமரையும் பிள்ளைகளுக்கு ஒட்டக்கூடியதே.

பரம்பரையாக முடி கொட்டும் நாய் அப்படிச் சொறியாது. நன்றாகச் சாப்பிடும். ஓடும், குரைக்கும், வாலை ஆட்டும். முடி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று போல உதிரும். பிறகு தோல் கறுத்துவிடும். இது யாருக்கும் ஒட்டாது. குழந்தைகள் தொடலாம், கொஞ்சலாம்.

ஆனாலும், பார்த்த மாத்திரத்தில் 'பரம்பரை' என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு சுரப்பி மந்தமானாலும் முடி கொட்டும். அப்போது நாய் பருத்து, சோம்பி, எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். ஓயாமல் தண்ணீர் குடித்து வயிறும் தொங்கினால், வேறொரு சுரப்பியில் கோளாறு இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. பரம்பரை என்று சும்மா இருந்துவிட்டால், குணமாகக்கூடிய நோயைக் கோட்டை விட்டதாகிவிடும்.

கால்நடை டாக்டர் தோலை லேசாகச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நாலு முடியைப் பிடுங்கிப் பார்ப்பார். ரத்தம் சோதிப்பார். தேவைப்பட்டால் கடுகளவு தோலை வெட்டி எடுத்தும் சோதிப்பார். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ம் ஆண்டு தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்காசியில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான்.

தாய் பாதி, தந்தை பாதி

பரம்பரை நோய் எப்படி வருகிறது? குட்டியின் உடம்பில் உள்ள ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சீட்டுகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய் தருவது. மற்றொன்று தந்தை தருவது. இந்தச் சீட்டுக்குத்தான் மரபணு என்று பெயர்.

டாபர்மேன் நாயைப் பாருங்கள். வழக்கமாகக் கறுப்பாக இருக்கும். சில குட்டிகள் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பிறக்கும். 'அபூர்வ நிறம்' என்று அதற்குக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. அங்கேதான் வினை! கறுப்புச் சாயம் முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்பதால்தான் அந்தச் சாம்பல் நிறம் வருகிறது. அந்தக் கட்டிகளால் முடி பலவீனமாகி ஒடிகிறது. வேரும் கெடுகிறது. 6 மாதத்தில் இருந்து 3 வயதுக்குள் முதுகில் முடி குறையத் தொடங்கும். சாம்பல் நிற நாய்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஆவதில்லை. டாபர்மேனில் பெரும்பாலானவற்றுக்கு ஆகிறது. இந்த நிறத்துக்குக் காரணமான மரபணுப் பிழையை விஞ்ஞானிகள் 2007-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள்.

தாயும் கறுப்பு, தந்தையும் கறுப்பு, குட்டி மட்டும் எப்படிச் சாம்பல்? இரண்டும் ஆளுக்கொரு பழுதான சீட்டை மறைத்து வைத்திருந்தன. இரண்டு பழுதும் ஒரே குட்டியிடம் போய்ச் சேர்ந்தன. சராசரியாக 4 குட்டிக்கு 1 இப்படிப் பிறக்கும். அண்ணனையும் தங்கையையும் சேர்த்து வைத்துக் குட்டி எடுத்தால், பழுதோடு பழுது சேரும் வாய்ப்பு இன்னும் கூடும்.

மெக்சிகோவின் மொட்டை நாய்

முடியே இல்லாத நாயை விரும்பி வளர்க்கும் நாடும் உண்டு. அது மெக்சிகோ. அந்த நாயின் பெயர் சோலோயிட்ஸ்குயின்ட்லி. வாயில் நுழையாவிட்டால் பாதகம் இல்லை. சோலோ என்றாலே போதும்! பெரு நாட்டிலும் மொட்டை நாய் உண்டு. சீனப் பெயர் கொண்ட ஒரு சாதிக்குத் தலையில் குடுமி.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணுப் பிழைதான் என்று 2008-ம் ஆண்டு தெரிந்தது. இங்கே ஒரு பழுதுச் சீட்டு இருந்தாலே முடி இராது. இரண்டு சேர்ந்தால் குட்டி கருவிலேயே இறந்துவிடும். இந்த நாய்களுக்குப் பற்களும் குறைவு. முடி இல்லாத நாய்க்குப் பல்லும் சரியாக இருப்பதில்லை என்று டார்வின் 1859-ம் ஆண்டிலேயே எழுதினார். மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது!

ராஜபாளையம் நாய்

தென்காசியில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ராஜபாளையம். பால் போன்ற வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் அந்த ஊர் நாய்க்கு இந்திய அரசு 2005-ம் ஆண்டு தபால் தலை வெளியிட்டது. இந்தச் சாதியில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருக்கும். அதுவும் நிறத்தின் விளையாட்டுதான். சாயம் தரும் அணுக்கள் உட்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது.

ராஜபாளையம் நாய்க்கு முடி கொட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சியைத்தான். முடியின் வேர்க்காலில் வசிக்கும் ஒரு வகைப் பூச்சி உண்டு. பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது, தாயிடம் இருந்து குட்டிக்கு வருகிறது. பெரும்பாலான நாய்களுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டியில் மட்டும் பெருகி முடியை உதிர்க்கும். அந்தக் குறைவு சில வம்சங்களில் தொடர்ந்து வருகிறது. நல்ல வேளையாக, இப்போது அதற்கு மாத்திரை இருக்கிறது. மனிதருக்கும் இந்தப் பூச்சி ஒட்டாது.

என்ன செய்யலாம்?

செய்யக் கூடாததை முதலில் சொல்ல வேண்டும். மோட்டார் பட்டறையின் கழிவு எண்ணெயை நாய் உடம்பில் பூசுகிறார்கள். மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். இது மருந்து அல்ல, விஷம்! தோல் வெந்துவிடும். நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். அருவியில் குளிப்பாட்டினால் முடி முளைக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. அருவித் தண்ணீரில் முடி முளைக்குமானால் குற்றாலத்துக்கு வரும் வழுக்கைத் தலையர்கள் சீப்போடு திரும்ப வேண்டுமே!

சித்திரை வெயிலுக்குப் பயந்து பொமரேனியனுக்கு மொட்டை அடிப்பதும் தவறு. சில நாய்களுக்கு, வெட்டிய முடி மாதக்கணக்கில் வளராது. வளராமலே போவதும் உண்டு.

பொமரேனியனுக்கு வரும் இந்த முடி நோய்க்கு நிச்சயமான மருந்து இல்லை. கருத்தடை ஆபரேஷன் செய்தபின் சிலவற்றுக்கு முடி வளர்கிறது. சில காலம் கழித்து மறுபடி கொட்டினாலும் கொட்டும். ஒரு விந்தையும் உண்டு: சோதனைக்காகத் தோலை வெட்டிய இடத்தில் மட்டும் கொத்தாக முடி முளைத்து நிற்கும்! சாம்பல் நாயின் நோய்க்கோ குணம் இல்லை. தோலில் சீழ்க் கொப்புளம் வராமல் பார்த்துக்கொள்ளலாம். மனிதர் போடும் சோப்பு வேண்டாம். டாக்டர் சொல்லும் மருந்துச் சோப்பு போதும்.

குட்டி வாங்குகிறவர்கள் தாயையும் தந்தையையும் நேரில் பார்க்க வேண்டும். கென்னல் கிளப் சர்டிபிகேட்டில் முன்னோர் பெயர்தான் இருக்கும்; அவற்றின் முதுகில் முடி இருந்ததா என்று இராது. முடி கொட்டும் நாயில் குட்டி எடுக்கவே கூடாது. அதைப் பெற்ற தாய் தந்தையையும் மறுபடி இணை சேர்க்கக் கூடாது. விற்கிறவர்களுக்கு இது கசக்கும். ஒரு ஈற்றின் வருமானம் போகிறதே! ஆனால், அந்த ஒரு ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் எத்தனை தெருவில் விடப்படும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

மொட்டை முதுகில் வெயில் நேராக விழுந்தால் தோல் வெந்துவிடும். பகல் 11 மணிக்குமேல் நிழலில் கட்ட வேண்டும். சாரல் காலத்தில் திண்ணை கூடாது. வீட்டுக்குள்ளே ஒரு சாக்கு விரித்தால் போதும். நனைந்தால் உடனே துவட்ட வேண்டும். தையல்காரரிடம் மிஞ்சிய துணியில் ஒரு சட்டை தைத்துக்கொள்ளலாம். 4 காலுக்கும் ஓட்டை விட்டு, வயிற்றுப் பக்கம் நாடா வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். முதுகில் பித்தான் வைத்தால் நாய் கடித்துவிடும்.